படுக்கையறையில் 2,640

கொஞ்ச காலமாகவே காலையில் எழும்போது தலை கனத்துக் கிடந்தது. வலி என்று சொல்ல முடியாது. நெற்றிக்குள் ஈரத்துணியைச் சுருட்டி வைத்த மாதிரி ஒரு மந்தம். எழுந்து முகம் கழுவி, அரை மணி நேரம் நடமாடினால் போய்விடும். தூக்கம் போதவில்லை என்று நினைத்தேன். அப்புறம் கண்ணாடியின் பவர் மாறியிருக்கும் என்று நினைத்தேன். "வயசாகுதுல்ல" என்றார் கணவர், என்னைவிட நான்கு வயது மூத்தவர் என்பதைச் சௌகரியமாக மறந்துவிட்டு.

இடையில் ஒரு பயணம். தங்கிய அறையில் ஜன்னல் கொக்கி உடைந்திருந்தது; கதவு ஒரு விரற்கடை திறந்தே கிடந்தது. முதல் நாள் எரிச்சலாக இருந்தது. மூன்று நாளும் காலையில் தலை தெளிவாக இருந்ததைத் திரும்பி வந்த பிறகுதான் யோசித்தேன். வீட்டில் எங்கள் படுக்கையறையில் இரவெல்லாம் ஜன்னல் அடைப்பு, கதவு அடைப்பு, ஏசி.

அதற்குப் பிறகுதான் கார்பன் டை ஆக்சைடு அளக்கும் ஒரு சின்னப் பெட்டியை வாங்கினேன். உள்ளங்கை அளவு, திரையில் ஒரே ஓர் எண். முதல் இரவு பத்து மணிக்கு 640 பிபிஎம் காட்டியது. பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்பது. காலை ஐந்தரைக்குக் கண் விழித்துப் பார்த்தால் 2,640. பெட்டிதான் கோளாறு என்று பால்கனிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். சில நிமிடங்களில் 430-க்கு இறங்கி நின்றது. இன்றைக்கு உலகத்தின் வெளிக்காற்றில் இருப்பதே ஏறக்குறைய 420, 430 தான். ஆக பெட்டி சரி. அறைதான் சரியில்லை.

"இனிமே மூச்சு விடுறதுக்கும் கணக்கு எழுதுவ போல" என்றார் அவர். எழுதினேன்.

எங்கள் அறை மூன்று மீட்டர் அகலம், நான்கு மீட்டர் நீளம், 2.7 மீட்டர் உயரம். சுமார் 32 கன மீட்டர், அதாவது 32,000 லிட்டர் காற்று. தூங்கும் பெரியவர் ஒருவர் மணிக்குச் சுமார் 12 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளியே விடுகிறார். இரண்டு பேருக்கு 24 லிட்டர். அறை முழுக்க இறுக மூடியிருந்தால் மணிக்கு 750 பிபிஎம் ஏறவேண்டும். ஏழரை மணி நேரத்தில் 6,000-ஐத் தாண்டியிருக்கும். 2,640-இல் நின்றதற்குக் காரணம் கதவின் அடியில் இருக்கும் இடைவெளியும் ஜன்னல் சட்டத்தின் கீறல்களும்தான். அவற்றின் வழியே அறைக்காற்று ஒருமுறை மாற மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்று கணக்கு சொன்னது.

இன்னொரு கணக்கும் போட்டேன், அதைப் போடாமலே இருந்திருக்கலாம். நாம் வெளியே விடும் மூச்சில் நூற்றுக்கு நான்கு பங்கு, அதாவது 40,000 பிபிஎம், கார்பன் டை ஆக்சைடு. அறையில் கூடுதலாக இருப்பது 2,200. பதினெட்டில் ஒரு பங்கு. விடியற்காலையில் நான் இழுத்த ஒவ்வொரு மூச்சிலும் பதினெட்டில் ஒரு பங்கு ஏற்கெனவே யாருடைய நுரையீரலிலோ போய் வந்தது. யாருடைய என்ன, எங்கள் இருவருடையதுதான். இருந்தாலும் குமட்டியது.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ம்யூனிக்கில் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் என்ற மருத்துவர் 1858-இலேயே இதை அளந்து எழுதியிருக்கிறார். மனிதர்கள் இருக்கும் அறையில் கார்பன் டை ஆக்சைடு ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்றார். அது 1,000 பிபிஎம். இன்றும் பல நாடுகளில் காற்றோட்டத்துக்குச் சொல்லப்படும் எண் அதை ஒட்டியே இருக்கிறது. அந்த அளவில் அந்த வாயு விஷம் என்று அவர் சொல்லவில்லை. மனித உடம்பிலிருந்து காற்றில் கலக்கும் மற்றதையெல்லாம் தனித்தனியாக அளக்க முடியாது, இதை அளக்கலாம், ஆகவே இதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம் என்றார். (இதே மனிதர்தான் காலராவுக்குக் கிருமி மட்டுமே காரணம் என்பதை நம்பாமல், 1892-இல் காலராக் கிருமி கலந்த கரைசலை எல்லோரும் அறியக் குடித்தவர். லேசான வயிற்றுப்போக்கோடு தப்பித்தார். காற்று விஷயத்தில் கூர்மையாக இருந்தவருக்குத் தண்ணீர் விஷயத்தில் அப்படி ஒரு பிடிவாதம்.)

அந்த வாயுவே மூளையை மந்தமாக்குகிறதா, அல்லது அதோடு சேர்ந்து தேங்கும் மற்றவையா என்பதில் இன்னும் வழக்கு தீரவில்லை. ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2015-இல் 24 அலுவலகப் பணியாளர்களை ஆறு நாள் அறையில் வைத்துச் சோதித்ததில், கார்பன் டை ஆக்சைடு ஏற ஏற முடிவெடுக்கும் திறனுக்கான மதிப்பெண் இறங்கியது. 2018-இல் நீர்மூழ்கிக் கப்பல் வீரர்களிடம் 15,000 பிபிஎம் வரை ஏற்றிப் பார்த்தார்கள். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. என் விஷயத்துக்கு நெருக்கமாக வருவது டென்மார்க்கில் மாணவர் விடுதி அறைகளில் செய்து 2016-இல் வெளியான ஆய்வு. இரவில் அறைக்குள் கூடுதலாக வெளிக்காற்று வந்தபோது அந்த மாணவர்கள் நன்றாகத் தூங்கினார்கள், மறுநாள் தர்க்கக் கணக்குகளை இன்னும் நன்றாகப் போட்டார்கள். எந்த வாயு காரணமோ, எனக்குக் காற்று மாறினால் போதும்.

இங்கே ஏசியைப் பற்றி ஒரு வார்த்தை. "ஏசி ஓடுதே, நல்ல காத்துதானே வருது?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வீடுகளில் சுவரில் மாட்டும் ஏசி வெளியிலிருந்து ஒரு துளி காற்றைக்கூட உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்காற்றையே இழுத்துக் குளிரவைத்து அறைக்கே திருப்பித் தருகிறது. வெளியே இருக்கும் பெட்டிக்கும் உள்ளே இருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஓடுவது குளிரூட்டும் வாயு, நாம் சுவாசிக்கும் காற்று இல்லை. மின்விசிறியும் அப்படியே, காற்றைச் சுற்றிவிடும், மாற்றாது. குளிர்ச்சியாக இருந்தால் சுத்தமாக இருக்கிறது என்று உடம்பு நம்பிவிடுகிறது. தமிழில் புழுக்கம் என்று சொல்லும்போது வெக்கை, ஈரம், காற்று மாறாத அடைசல் மூன்றையும் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஏசி முதல் இரண்டையும் எடுத்துவிட்டு மூன்றாவதை மட்டும் விட்டுவைக்கிறது. அது மட்டும் தனியாக இருந்தால் நமக்குத் தெரிவதே இல்லை.

மூக்கும் கைகொடுக்காது. எந்த வாசனையானாலும் சில நிமிடங்களில் பழகிவிடுவது அதன் சுபாவம். காலையில் அறையை விட்டுப் போய்ப் பல் துலக்கித் திரும்பி வந்தால்தான் "இதுக்குள்ளயா படுத்திருந்தோம்" என்று தோன்றும்.

சரி, ஜன்னலைத் திற, முடிந்தது என்று நினைத்தேன். எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டையும் திறந்தால் ஐந்தே நிமிடத்தில் எண் 600-க்கு இறங்குகிறது. ஒரே ஜன்னலைத் திறந்தால் அரை மணி ஆனாலும் அந்த இடத்துக்கு வருவதில்லை. காற்றுக்கு வாசல் இருந்தால் போதாது, வெளியேறும் வழியும் வேண்டும். ஒரு வாரம் மகிழ்ச்சியாகப் போனது. தலை மந்தமும் குறைந்தது. பெட்டியைப் பார்த்த திருப்தியிலேயே குறைந்ததோ என்னவோ, அதற்கும் வாய்ப்பு உண்டு.

அப்புறம்தான் ஆசை விடவில்லை, நுண்துகள் அளக்கும் கருவியையும் வாங்கினேன்.

பிஎம் 2.5 என்பது 2.5 மைக்ரோமீட்டருக்குக் குறைந்த குறுக்களவு கொண்ட துகள்கள். தலைமுடி ஒன்றின் தடிமன் 50 முதல் 70 மைக்ரோமீட்டர் என்றால் அளவு புரியும். பெரிய தூசி மூக்கிலும் தொண்டையிலும் மாட்டிக்கொள்ளும், தும்மியோ இருமியோ வெளியேற்றிவிடுவோம். இது நுரையீரலின் காற்றுப்பைகள் வரை போகும். இன்னும் நுண்ணியவை ரத்தத்துக்குள்ளும் போகும். ஆகவேதான் இதன் பாதிப்பு ஆஸ்துமா, இருமலோடு நிற்காமல் மாரடைப்பு, பக்கவாதம் வரை நீள்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுச் சராசரியாகக் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்று 2005-இல் சொன்னது; 2021-இல் அதைப் பாதியாக்கி 5 என்றது. ஒரு நாள் சராசரி 15.

எங்கள் அடுப்படியில் ஒரு மாலை எண்ணெய் காய்ந்து பொரிக்கத் தொடங்கியதும் 380 போனது.

கருவியைத் தட்டிப் பார்த்தேன். 380-தான். இருபது நிமிடம் கழித்துப் படுக்கையறைக்குக் கொண்டுபோனேன், கதவு சாத்தியிருந்த அங்கே 140. புகை கண்ணுக்குத் தெரியவில்லை, வாசனை மட்டும் கொஞ்சம். அடுப்புக்கு மேலே புகை இழுக்கும் சிம்னி முழு வேகத்தில் இரைந்துகொண்டிருந்தது. அவ்வளவு சத்தம் போடுகிறதே, அப்படியானால் இழுத்தது எங்கே போகிறது? நாற்காலி போட்டு ஏறி மேல் அலமாரியைத் திறந்து பார்த்தேன். சிம்னியின் குழாய் அலமாரிக்குள்ளேயே முடிந்திருந்தது. சுவரில் ஓட்டை போடவே இல்லை. மாட்டியவர் குழாயை அழகாக மடித்து உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறார். நான்கு வருஷமாக அடுப்புப் புகையைப் பாத்திர அலமாரிக்கு அனுப்பி, அலமாரியின் இடுக்கு வழியாக நாங்களே திரும்ப வாங்கிக்கொண்டிருந்தோம். அலமாரியின் உட்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டியதற்கு நான் வேறு காரணங்கள் சொல்லிவைத்திருந்தேன்.

சமையல் இவ்வளவு செய்யும் என்பதை 2018-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் ஒரு சோதனை வீட்டில் விரிவாக அளந்தார்கள். ஹோம்கெம் என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். பல பல்கலைக்கழகங்களின் விஞ்ஞானிகள் சேர்ந்து, அந்த வீட்டில் சமைத்தார்கள், துடைத்தார்கள், கழுவினார்கள், ஒவ்வொன்றிலும் காற்றில் என்ன கலக்கிறது என்று பார்த்தார்கள். விருந்துச் சமையல் நாளில் நுண்துகள் அளவு மாசுக்குப் பேர்போன பெருநகரங்களின் அளவுக்கு ஏறியது. மின்அடுப்பானாலும் எண்ணெய் காய்ந்தால் துகள் வரத்தான் வரும். எரிவாயு அடுப்பில் அதோடு சுடரிலிருந்து நைட்ரஜன் டை ஆக்சைடும் சேரும். குழந்தைகளின் மூச்சுக்குழாயை உறுத்துவது அது.

இதை எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. என் அலமாரிப் புகை ஒரு வேடிக்கைக் கதை. விறகு, கரி, சாணம், மண்ணெண்ணெய் என்று எரித்துச் சமைக்கும் இருநூறு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு அது வேடிக்கை இல்லை. வீட்டுக்குள் இருக்கும் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் 2 லட்சத்து 37 ஆயிரம். அடுப்புக்குப் பக்கத்தில் அதிகம் இருப்பவர்கள் பெண்களும் அவர்கள் இடுப்பில் இருக்கும் பிள்ளைகளும்தான். அவர்களிடம் போய்ச் சமைக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்பது அடுப்பையும் எரிபொருளையும் மாற்றித் தராதவர்கள் சொல்லும் புத்திமதி.

நுண்துகள் கருவி வந்த பிறகு ஜன்னல் விஷயம் சிக்கலானது. இரவில் திறந்தால் கார்பன் டை ஆக்சைடு 700-இல் நிற்கிறது, பிஎம் 2.5 நாற்பதைத் தொடுகிறது. மூடினால் துகள் 15, மற்றது 2,600. ஒன்றைத் துரத்தினால் இன்னொன்று உள்ளே வருகிறது. சாலையும் தூசியும் இல்லாத இடத்தில் வாழ்பவர்களுக்குத்தான் ஜன்னல் முழுத் தீர்வு. மற்றவர்கள் நேரம் பார்த்துத் திறக்கவேண்டும். எங்களுக்கு எந்த நேரத்தில் வெளிக்காற்று கொஞ்சம் தெளிவாக இருக்கிறது என்பதை இரண்டு வாரம் குறித்து வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

காற்றுச் சுத்திகரிப்பானும் வந்தது. இதில் ஹெப்பா வடிகட்டி இருக்கிறது. 1940-களில் அணுகுண்டுத் திட்டத்தின்போது கதிரியக்கத் தூசியைப் பிடிக்க உருவானது. 0.3 மைக்ரோமீட்டர் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும். அதைவிடச் சின்னது தப்பித்துவிடுமே என்று கேட்கத் தோன்றும். இல்லை. பெரிய துகள் நேராகப் போய் இழைகளில் மோதி ஒட்டிக்கொள்ளும். மிகச் சின்னத் துகள் காற்று மூலக்கூறுகள் இடித்துத் தள்ள, குடித்தவன் நடை மாதிரி அங்குமிங்கும் அலைந்து எப்படியும் ஏதோ ஓர் இழையில் மாட்டும். நடுவில் இருக்கும் 0.3 அளவுதான் இரண்டுக்கும் சிக்காமல் நழுவப் பார்ப்பது. அதனால்தான் சோதனை அந்த அளவில்.

எங்கள் அறையில் அது துகளை ஐந்து, ஆறுக்கு இறக்கிவிட்டது. கார்பன் டை ஆக்சைடு எண்ணைப் பார்த்துவிட்டு மகள் கேட்டாள்: "அம்மா, இது சுத்தம் பண்ற மிஷின்தானே, ஏன் அது மட்டும் குறையல?" ஒன்பது வயதுக்கு நல்ல கேள்வி. வடிகட்டி துகளைத்தான் பிடிக்கும், வாயு அதன் வழியே அப்படியே போய்விடும். சில வாயுக்களுக்குக் கரித்தட்டு உதவும், கார்பன் டை ஆக்சைடுக்கு அதுவும் உதவாது. அயனி விடுகிறேன், ஓசோன் விடுகிறேன் என்று சொல்லும் கருவிகளை நான் வீட்டுக்குள் விடமாட்டேன். ஓசோன் மேலே வானத்தில் இருக்கும்வரை நல்லது, நுரையீரலுக்கு எரிச்சல்.

செடி வாங்கச் சொன்னவர்கள் ஏராளம். நாசாவே சொல்லியிருக்கிறது என்பார்கள். சொன்னது உண்மை, 1989-இல். அது காற்றுப் புகாமல் அடைத்த சின்னக் கூண்டுக்குள் செய்த சோதனை. அதையும் அதைப் போன்ற மற்ற சோதனைகளையும் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் 2019-இல் மறுபடி கணக்கிட்டார்கள். சாதாரணக் கட்டடத்தில் இயல்பாக நடக்கும் காற்று மாற்றம் செய்யும் வேலையைச் செடிகள் செய்யவேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடி, சில வாயுக்களுக்கு 1,000 செடி வேண்டும். படுக்கையறையில் காடு வளர்த்துவிட்டு நாங்கள் எங்கே படுப்பது? என் மணி பிளாண்ட் அழகாக இருக்கிறது, இருக்கட்டும்.

புது அலமாரி ஒன்று வாங்கிய கதையும் உண்டு. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. திறந்தால் கண் எரியும். மகளுக்கு மூக்கு ஒழுகும். விற்றவர் "புது வாசனைங்க, நாலு நாள்ல போயிடும்" என்றார். நான்கு மாதம் ஆனது. அந்தப் பலகைகளை ஒட்டும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு மெதுவாகக் கசிந்துகொண்டே இருக்கும், வெயிலும் ஈரப்பதமும் ஏறினால் இன்னும் அதிகமாக. புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அதை முதல் பிரிவில் சேர்த்தது. நான் அந்த எரிச்சலை மறைக்க எலுமிச்சை மணம் அடித்தேன், அதுதான் முட்டாள்தனம். அந்த மணத்தைத் தரும் லிமோனீன், காற்றில் இருக்கும் ஓசோனோடு சேர்ந்தால் கிடைப்பவற்றில் ஒன்று அதே ஃபார்மால்டிஹைடு.

ரேடான் என்று ஒரு கதிரியக்க வாயு மண்ணிலிருந்து தரைவிரிசல் வழியே வீட்டுக்குள் வரும், நிறம் மணம் எதுவும் கிடையாது. புகைபிடித்தலுக்கு அடுத்து நுரையீரல் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம். 1984-இல் அமெரிக்காவில் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்த ஒருவர் கதிர்வீச்சு அலாரத்தை அடிக்க வைத்தார், அதுவும் வேலைக்கு உள்ளே வரும்போதே. அவர் வீட்டில் அவ்வளவு ரேடான். எங்கள் வீடு மேல் மாடியில், ஆகவே அந்தக் கவலையை மட்டும் நான் எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தப் பைத்தியம் எனக்கு ஏன் இவ்வளவு பிடித்தது என்று யோசித்தால், 2020-தான் நினைவுக்கு வருகிறது. அந்த மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காகிட் பள்ளத்தாக்கில் 61 பேர் இரண்டரை மணி நேரம் சேர்ந்திசைப் பயிற்சி செய்தார்கள். நோய்த்தொற்று இருந்தது ஒருவருக்கு. கடைசியில் 53 பேருக்கு உறுதியாகவோ அநேகமாகவோ கொரோனா, இரண்டு பேர் இறந்தார்கள். நாங்கள் எல்லோரும் கைப்பிடிகளையும் பைகளையும் துடைத்துக்கொண்டிருந்த காலம் அது. காற்றில் பரவுகிறது என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று 239 விஞ்ஞானிகள் அந்த ஜூலையில் பகிரங்கக் கடிதம் எழுதவேண்டியிருந்தது. ஓர் அறையில் மற்றவர் விட்ட மூச்சை நாம் எவ்வளவு இழுக்கிறோம் என்பதைச் சொல்லக்கூடிய எளிய கருவி அப்போதும் இருந்தது, இந்தப் பெட்டிதான். அலுவலகக் கூட்ட அறைக்கு ஒருநாள் அதை எடுத்துப் போனேன். எட்டுப் பேர், ஒன்றரை மணி நேரம், 2,100. மதியம் எல்லோரும் கொட்டாவி விட்டதற்குக் கூட்டத்தை நடத்தியவரை மட்டும் குறை சொல்ல முடியாது. கதவைக் கொஞ்சம் திறந்து வைக்கலாமா என்று கேட்டேன். ஏசி வீணாகும் என்றார்கள்.

பெட்டி வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று மட்டும். மிக மலிவான சிலவற்றில் கார்பன் டை ஆக்சைடு உணரியே இருக்காது. வேறு வாயுக்களை முகர்ந்து ஓர் எண்ணை ஊகித்துக் காட்டும். வாசனைத் திரவியத்தைப் பக்கத்தில் தெளித்துப் பாருங்கள், எண் எகிறினால் அது போலி. அகச்சிவப்பு ஒளியால் அளப்பதுதான் உண்மையானது.

இப்போது சிம்னிக்கு வெளியே போகும் குழாய் இருக்கிறது. பொரிக்கும் நாளில்கூட துகள் எண் 90-ஐத் தாண்டுவதில்லை. அலாரம் வைக்கத் தேவையே இல்லை, கார்பன் டை ஆக்சைடு ஆயிரத்தைத் தாண்டினால் மகள் கத்துகிறாள். படுக்கையறையில்தான் இன்னும் பேச்சுவார்த்தை. அவருக்கு ஜன்னல் திறந்தால் சத்தத்தில் தூக்கம் வராது, எனக்கு மூடினால் காலையில் தலை. போன வாரத்திலிருந்து எதிர்ப்புறம் பழைய கட்டடம் ஒன்றை இடிக்கிறார்கள், ஜன்னலைத் தொடவே முடியாது. அதனால் சுத்திகரிப்பானை ஓடவிட்டு, அறைக்கதவைத் திறந்து போட்டுக் கூடத்துக் காற்றைக் கடன் வாங்கிக்கொள்கிறோம். நேற்றுக் காலை 1,150. "பரவாயில்லையா?" என்று போர்வைக்குள்ளிருந்து கேட்டார்.